நசுங்கிய திருகு

சசிகலாவின் மூக்குத்தி தொலைந்த அன்று வீட்டில் யாரும் தேடிப் பார்க்காத இடம் அவளுடைய நுரையீரல் ஒன்றுதான்.

பாய், தலையணை, தறிக்குழி, குப்பைக்கூடை, வாசல் சாக்கடை எல்லாவற்றையும் கிளறியாயிற்று. ஏழு கல் வைத்த மூக்குத்தி. கல்யாணத்தன்று மாமியார் பூங்காவனம் தன் மூக்கிலிருந்து கழற்றி மருமகளுக்குப் போட்டது. போட்ட நாளிலிருந்தே சசிகலா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

"அத்த, திருகு நிக்கமாட்டுது. சும்மா சுத்திகினே கீது."

"எனக்கு இத்தினி வருசம் நின்னுது. உனக்கு நிக்கலன்னா மூக்க மாத்து."

கடைசியில் பூங்காவனம் திருகை வாங்கிப் பல்லுக்கிடையில் வைத்து ஒரு கடி கடித்து நசுக்கி, அவளே மாட்டியும் விட்டாள். அத்தோடு பிரச்சினை தீர்ந்ததாக வீட்டில் முடிவானது. சில நாள் கழித்து ஒரு விடிகாலை சசிகலா புரையேறி இருமிக்கொண்டே எழுந்தாள். மூக்கு காலி.

கெட்ட நேரம், அதே வாரம் தெள்ளாரில் இருக்கும் அவள் தம்பி தென்னரசு பழைய ஆட்டோ ஒன்றைக் கடனுக்கு வாங்கினான்.

"இங்க மூக்குத்தி போவுது, அங்க ஆட்டோ வருது. எனக்கு இன்னா புரியாதா?" என்றாள் பூங்காவனம்.

அவளுக்கு வாட்ஸ்அப் தெரியாது. தேவையும் படவில்லை. மத்தியானத்துக்குள் தெரு முழுக்க அந்த வண்டிக்கு மூக்குத்தி ஆட்டோ என்று பெயர் வைத்துவிட்டது. தென்னரசு இனிமேல் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று உத்தரவானது. சசிகலாவின் புருஷன் ஜெயவேல் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் மேலே நடப்பது எதுவும் கேட்காது. அவன் காதில் ஒரு கோளாறும் இல்லை.

இருமல் மட்டும் நிற்கவில்லை. சசிகலாவின் வேலை தார் சுற்றுவது. ஊடைக்கான பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தர வேண்டும். ஒவ்வொரு இருமலுக்கும் நூல் அறுந்தது. ஒரு டாக்டர் சளி என்று மருந்து கொடுத்தார். இன்னொருவர் ஆஸ்துமா என்று வாயில் மருந்தடிக்கச் சொன்னார். மூன்றாவதாகப் பார்த்தவர் காசநோயோ என்று சந்தேகப்பட்டு எக்ஸ்ரே எடுக்கவைத்தார். வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு குட்டி ஆணி தெரிந்தது.

ஆரணியிலிருந்து வேலூரைத் தாண்டி ஒரு மருத்துவக் கல்லூரியில், காது மூக்கு தொண்டைப் பிரிவில் சேர்த்தார்கள். மயக்கம் கொடுத்து, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் இரும்புக் குழலை விட்டு, நீளமான இடுக்கியால் அதை வெளியே எடுத்தார்கள். மூக்குத்தித் திருகு. கல் வைத்த முகப்பு எந்தச் சந்தில் விழுந்ததோ, அது கடைசிவரை கிடைக்கவில்லை. அங்கே மேல்படிப்பு படிக்கும் ஹேமநாத் என்ற இளம் டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

"ரொம்ப அபூர்வமான கேஸ்மா நீங்க!"

அதுவரை சசிகலாவை யாரும் எதற்காகவும் அபூர்வம் என்று சொன்னதில்லை. மயக்கம் சரியாகத் தெளியாத கண்ணால் திருகை ஒருதரம் பார்த்தாள். "எங்கிட்டக் குடுத்துடுங்க சார். எங்க அத்தைக்குக் காட்டணும்."

"தங்கமா இருந்தா அப்பவே குடுத்திருப்போம். இது வெறும் பித்தளைமா. இந்த மாதிரி மூக்கு வழியா உள்ள போன திருகப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதறேன். துறையில காட்சிக்கும் வைக்கணும். பயப்படாதீங்க, உங்க பேரு எங்கயும் வராது."

"பேரு போடுங்க சார்."

"கூடாதும்மா. நோயாளியோட ரகசியத்தக் காப்பாத்தணும்."

"எனக்கு ரகசியமே வேணாம் சார். தெரு முச்சூடும் நாறிகினு கீது. பெருசா போடுங்க. தம்பி பேரையும் சேத்துப் போடுங்க."

அவர் சிரித்தார். ரகசியத்தையும் காப்பாற்றினார். பாவம், நல்ல பிள்ளை.

பித்தளை என்ற சேதியை சசிகலா வீட்டில் சொல்லவில்லை. ஏழு கல் மூக்குத்திக்குப் பித்தளைத் திருகு போட்டுக் கொடுத்தது தெரிந்தால் கிழவியின் மானம் போகுமே என்று விட்டுவிட்டாள். திருட்டுப்பட்டம் சுமப்பவளுக்கு எதற்கு இந்தத் தாராளமோ.

எக்ஸ்ரேயையும் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் பூங்காவனம் தள்ளிவிட்டாள். "காயிதத்துல இன்னா வேணாலும் எழுதுவான். கண்ணால பாக்கணும்."

"பாத்துட்டா, தை மாசம் தென்னரசு கல்யாணத்துக்கு வந்து நிப்பியா அத்த?"

"பாத்தா நிக்கறேன்."

சில மாதம் கழித்து ஒருநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். ஹேமநாத் படிப்பு முடித்துப் போய்விட்டிருந்தார். துறை வாசலில் சுவரோடு ஒரு கண்ணாடிப் பெட்டி. ஜனங்கள் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் மாட்டிக்கொண்டு வந்ததெல்லாம் அதில் வரிசையாக இருந்தது: காசு, விசில், புளியங்கொட்டை, வேர்க்கடலை, அரைப் பல்செட்டு. கடைசி வரிசையில் நாலு திருகுகள். ஒவ்வொன்றின் கீழும் பெண், வலது நுரையீரல் என்று மட்டும். பெயர் இல்லை.

"இதுல எதும்மா உன்னுது?" என்று ஆஸ்பத்திரி ஆயாம்மா கேட்டாள்.

சசிகலா ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நாலும் ஒரே மாதிரி கறுத்துக் கிடந்தன. பூங்காவனம் குனிந்து பார்த்தாள். அவள் கை தானாகத் தன் மூக்கின் வெறும் ஓட்டையைத் தொட்டது.

"அந்த நசுங்கினது நம்முது இல்ல," என்றாள்.

சசிகலா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"நான் போட்டது தங்கத் திருகு. அது பித்தள."

"நான் எதையும் காட்டவே இல்லியே அத்த. பித்தளன்னும் சொல்லலியே."

"வாடி ஜல்தி. பஸ்ஸு பூடும்."

திரும்பும்போது கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. பூங்காவனம் ஜன்னல் வழியே வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி, பாதியை மருமகள் மடியில் கொட்டினாள்.

"மென்னு துன்னு. பெட்டில ஒண்ணு வச்சிகினு கீறான், பாத்த இல்ல?" கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "இப்ப இருமல் வருதா?"

"இல்ல அத்த."

சமாதானம் அவ்வளவுதான். மறுநாள் தெருவில் கேட்டவர்களுக்கு பூங்காவனம் சொன்னாள்: "போனோம், பாத்தோம். நம்முது அங்க இல்ல."

ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க மூக்கில் செருகி வைத்திருந்த துடைப்பக்குச்சியை சசிகலா அன்றைக்கே பிடுங்கி எறிந்தாள்.

தையில் தெள்ளாருக்கு அவள் தனியாகத்தான் போனாள். கல்யாண வீட்டில் ஒருத்தி கேட்டாள்: "மூக்கு ஏன்டி மொட்டையா கீது?"

"திருகு வேலூருல கீது, கண்ணாடிப் பெட்டியில. எங்க அத்தைய இட்டுகினு போ. எதுன்னு கரெக்டா காட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். தென்னரசு சிரிக்கவில்லை. மறுநாள் புது மாப்பிள்ளை தன் ஆட்டோவிலேயே அக்காவை ஆரணிக்குக் கொண்டுவந்து விட்டான். தெருமுனையில் வண்டியை நிறுத்தினான். அதற்கு மேல் வர அவனுக்கு இன்னும் உத்தரவில்லை. சசிகலா பலகாரப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். "மூக்குத்தி ஆட்டோ வந்துகீதுடா" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு அவளைத் தாண்டி ஓடினார்கள்.