உயிரோடிருந்தவளுக்கு ஒட்டிய போஸ்டர்

எங்கள் ஏரியாவில் சாவு விழுந்தால் பாடை கட்டுவதற்குள் போஸ்டர் வந்துவிட வேண்டும். தாமதமானால் செத்தவருக்கு ஆள் பலம் இல்லை என்று அர்த்தம். திருவொற்றியூர் தேரடியைச் சுற்றிக் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவதில் என் கூட்டாளிகளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு, பொய் சொல்வானேன்.

நான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். என் தங்கை வடக்கே ஓர் ஊரில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். இறங்கிச் சக்கரம் தரையைத் தொட்டதும், நிற்காமல் மறுபடியும் மேலே ஏற வேண்டும். திரும்பத் திரும்ப இதே பயிற்சிதான். "ஏர்றது ஈசிண்ணா, எறங்குறதுதான் பேஜாரு" என்பாள். லாரியை ரிவர்ஸ் எடுத்துப் பார், அப்புறம் பேசு என்று நான் கிண்டலடிப்பேன்.

ஒரு மதியம் துறைமுகக் கேட் வரிசையில் லாரியோடு நின்றிருந்தபோது போனில் அந்தச் செய்தி வந்தது. அவள் படிக்கும் ஊரில், இறங்கும் பயிற்சியின்போது விமானம் கவிழ்ந்து, தனியாக ஓட்டிய மாணவி பலி. பெயர் போடவில்லை. தங்கையின் போன் அணைந்து கிடந்தது. பயிற்சிப் பள்ளியிலும் யாரும் எடுக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் லாரிகள், திருப்ப வழியில்லை. ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதேன். பிறகு பின்னால் நின்ற டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அதே செய்தி என் கூட்டாளிகளுக்கும் போயிருந்தது. தெருமுனைச் சுவரில் என் தங்கை வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பசை இன்னும் காயவில்லை. ஒருவன் என்னைக் கட்டிக்கொண்டு கதறினான். "மச்சான், நம்ம தங்கச்சிக்கு ஒரு கொறையும் வெக்கல மச்சான்!" வாசலில் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது என் போன் அடித்தது.

"அண்ணா, நான்தான். ஆக்சிடென்ட் ஆனதும் ஸ்கூல்ல எல்லார் போனையும் வாங்கி வெச்சிகினாங்கண்ணா, இப்பதான் குடுத்தாங்க. செத்தது என் ரூம்ல கூட இருந்த பொண்ணு."

அம்மா போனைப் பிடுங்கி அவள் குரலைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். தெருவே சிரித்தது. யாரோ எல்லாருக்கும் டீ சொன்னார்கள். "போஸ்டரே ஒட்டியாச்சு, இனிமே ஆயுசு கெட்டி" என்றார்கள். அந்த நேரத்தில் எங்கோ ஒரு வீட்டில் ஓர் அம்மா நிஜமாகவே அழுதுகொண்டிருந்திருப்பாள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கூட்டாளிகள் போஸ்டர்களைச் சுரண்டி எடுத்தார்கள். மீன் மார்க்கெட் சுவரில் ஒன்று மட்டும் தப்பிவிட்டது. சில நாள் கழித்து ஊருக்கு வந்த தங்கை அதன் எதிரில் நின்றுவிட்டாள். "தப்பா எடுத்துக்காதம்மா" என்று அவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அவள் கோபப்படவில்லை.

"அவளுக்கு அவங்க ஊர்ல யார்னா ஒட்டிருப்பாங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

ராத்திரி அம்மா வஞ்சிரம் வறுத்து, அவள் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். "இனிமே அந்தக் கருமம் வாணாம்மா. அப்பிடியே போனாலும் உனுக்கு ஒண்ணும் ஆவாது. நீ நல்லா ஓட்றவ. அந்தப் பொண்ணு சரியா கத்துக்கல போலகீது."

தங்கை சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"முன்சக்கரம் மொதல்ல பட்டு பிளேன் எகிறிச்சும்மா. பவர் குடுத்து அப்பிடியே மேல போயிருக்கணும். அவ பயத்துல பிளேன் மூக்க கீழ அமுக்கிட்டா" என்றாள். தட்டை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"அதுக்கு முந்துன வாரம் நானும் அதேதாம்மா பண்ணேன். எனுக்கு பிளேன் எப்பிடியோ தரையில உக்காந்துகிச்சு. எறங்கி வந்தப்போ அவதான் என்ன கட்டிப்புடிச்சிகினு அழுதா."