மஞ்சுவின் சைக்கிளில் கட்டிய எலுமிச்சை

எங்கள் திருச்சானூர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் தாமோதரனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. விஜயபுரத்துப் பக்கத்து ஆள். ஊரில் ஒரு மழைக்காலத்தில் தரைப்பாலம் ஒன்று, அவனுக்கு முன்னால் போன பைக்கோடு சேர்ந்து ஆற்றில் போய்விட்டது. அன்று பிடித்த நடுக்கம் இன்னும் விடவில்லை. சுவர்ணமுகிப் பாலத்தில் ஆட்டோ ஏறினாலே வாய் ஊர்த்தெய்வம் கங்கம்மாவைக் கூப்பிட ஆரம்பித்துவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவனுடைய ஒரே மகள் மஞ்சு பத்தாவது முடித்து இந்த வருஷம் ஜூனியர் காலேஜில் சேர்ந்தாள். காலேஜ் பாலத்துக்கு அந்தப் பக்கம். சைக்கிளில்தான் போவேன் என்று பிடிவாதம். விடாத மழையில் ஆறு பெருக்கெடுத்து ஓடிய காலையிலும் கிளம்பிவிட்டாள்.

"தண்ணி ஏறிக்கினு வருதும்மா. ஆட்டோவுல குந்து, நான் இட்டுக்கினு போறேன்," என்று கெஞ்சினான்.

"எல்லாரும் சைக்கிள்லதான் வராங்க நைனா. நான் மட்டும் இன்னா கொயந்தையா?"

அன்று அமாவாசை. ஆட்டோவுக்குக் கட்ட வாங்கிய எலுமிச்சை மிளகாய்ச் சரத்தை, நீளமான கம்பியோடு அப்படியே அவள் ஹேண்டில்பாரில் கட்டினான். பிறகு வெறும் ஆட்டோவில் அவள் பின்னாலேயே ஊர்ந்தான். அவனுக்குப் பின்னால் என் ஆட்டோவில் நான், வழி கிடைக்காமல் திட்டிக்கொண்டே வந்தேன்.

நடுப்பாலத்தில் வேகமாக ஒரு காற்று அடித்தது. சரம் ஊசலாடி முன்சக்கரத்துக்குள் நுழைந்தது. கம்பி ஸ்போக்கில் சுற்றிக்கொள்ள, சக்கரம் சட்டென்று நின்றது. மஞ்சு தூக்கி எறியப்பட்டுக் கைப்பிடிச் சுவரில் மோதினாள். பாதி உடம்பு வெளியே தொங்கியது. கீழே முறிந்த மரங்களை இழுத்துக்கொண்டு செந்தண்ணீர்.

நடைபாதையில் வந்துகொண்டிருந்த ஒரு பூக்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு அவள் கால்களைக் கட்டிக்கொண்டாள். தாமோதரன் ஓடிப்போய் மகளை உள்ளே இழுத்தான். அவள் நெற்றியில் ரத்தம்.

"கங்கம்மா காப்பாத்திட்டா, கங்கம்மா காப்பாத்திட்டா," என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதான்.

மஞ்சு சக்கரத்தையே பார்த்தாள். நசுங்கிய பழம், முறுக்கிக்கொண்ட கம்பி. அப்போதுதான் அவனும் பார்த்தான்.

"ஆறு என்னை ஒண்ணும் பண்ணல நைனா," என்றாள். "உன் பயந்தான் என்னைத் தள்ளிச்சு."

அவன் கை தளர்ந்தது. அவளைப் பிடித்துக்கொள்ளவும் பயம், விடவும் பயம்.