மார்கரெட் ரிவர் மணக்காத வருடங்கள்

காய்ச்சல் விட்டு உடம்பு தேறி வந்த ஒரு காலையில் குசினியில் நின்று ஒரு வைன் போத்தலைத் திறந்தேன். மேற்கு அவுஸ்திரேலியாவில் மார்கரெட் ரிவர் என்ற இடத்தில் விளைந்த ஷார்டனே, வெள்ளை வைன். மத்தியானம் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முன் மூக்கைக் கொஞ்சம் பழக்கிக்கொள்வோம் என்று நினைத்தேன். கிளாஸில் ஒரு வாய் அளவு ஊற்றிச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன். ஒன்றுமே இல்லை. பைப்புத் தண்ணீரை முகர்ந்ததுபோல இருந்தது.

கிளாஸில்தான் பிழை என்று வேறு கிளாஸை எடுத்தேன். பிறகு கறித்தூள் டப்பாவைத் திறந்தேன். பெருங்காயத்தைத் திறந்தேன். குப்பை வாளிக்குள் தலையை விட்டேன். கடைசியில், கழிவறை கழுவுகிற பிளீச்சை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. மணம் மட்டும் வரவில்லை. பிளீச் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன்.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். எனக்கு மூக்குத்தான் தொழில். அவுஸ்திரேலிய வைன்களை இறக்குமதி செய்கிற ஒரு லண்டன் நிறுவனத்தில் மார்கரெட் ரிவர் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. எந்தத் தோட்டத்து வைனை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது, எதை எந்த உணவகத்துக்குச் சொல்வது எல்லாவற்றையும் நான் முகர்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் தீர்மானிப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு சைவக் குடும்பத்துப் பெண் இந்த வேலைக்குப் போன கதை எங்கள் ஆட்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கும் என் கணவருக்கும் தென்லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடை இருக்கிறது. பால், பாண், சிகரெட்டோடு மதுவும் விற்கிற கடை. பின்சுவர் முழுக்க வைன். எங்கள் இருவரில் ஒருவரும் அதில் ஒரு சொட்டும் குடித்ததில்லை. ஒருநாள் பின்னேரம் ஒரு விற்பனையாளர் மாதிரிக்கென்று ஒரு போத்தலைத் திறந்தார். மார்கரெட் ரிவர் காபர்னே, சிவப்பு வைன். மரியாதைக்காக ஒரு முறை முகர்ந்து பார்த்தேன்.

முதலில் கறுத்த பழங்களின் மணம் வந்தது. அதற்குப் பின்னால் கசக்கிய பச்சை இலை. அதற்கும் பின்னால் மழை விட்ட சரளைக்கல், கடல்காற்றில் வருகிற உப்பு. ஒரு கிளாஸுக்குள் இத்தனை இருக்க முடியும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. விற்பனையாளர் போன பிறகும் அந்த வெறும் கிளாஸை நான் கழுவவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அதைத் திரும்பத் திரும்ப மணந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மாலை வகுப்புகள், பரீட்சைகள். ஹரோவில் இருக்கிற மச்சாள், என் கணவரின் அக்கா, இவருக்குப் போன் எடுத்துக் கத்தினார்.

"என்னடா, உன்ர மனிசி குடிக்கப் படிக்கிறாளாம்? ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது?"

"அவ குடிக்கிறேல்லை அக்கா," என்றார் இவர். "வாயில வைச்சுப் பாத்திட்டுத் துப்புறா."

"காசு குடுத்து வாங்கித் துப்புறாளோ?"

அன்று இருவரும் சிரித்தோம். பரீட்சைகளில் தேறி வேலையும் கிடைத்தது. ஒரு முறை நிறுவனம் என்னை மார்கரெட் ரிவருக்கே அனுப்பியது. கொடிகளுக்கு நடுவில் நின்றால் கடல் இரைகிற சத்தம் கேட்கும். பகலின் வெக்கையை அந்தக் கடல்காற்று வந்து தணித்துவிடும். அதனால்தான் அங்கே திராட்சை அவசரப்படாமல் பழுக்கிறது, வைனுக்குள் அந்த இலைப்பச்சையும் நிதானமும் தங்குகின்றன. செம்மண்ணும் சரளையும் கலந்த நிலத்தைக் குனிந்து அள்ளி மணந்தேன். கூட வந்தவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கென்று ஒன்று கிடைத்திருந்தது.

அதைத்தான் அந்தக் காய்ச்சல் கொண்டுபோனது.

பொறுத்திருக்கச் சொன்னார் வைத்தியர். மூக்கு நிபுணர், நரம்பு திரும்ப வளரலாம், வளராமலும் போகலாம் என்றார். ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ் தைலங்களைக் காலையும் மாலையும் முகர்ந்து, அவற்றின் மணத்தை நினைத்துக்கொள்ள வேண்டும் என்றார். கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சை, எலுமிச்சை என்று வாய்க்குள் சொல்வேன். ஒரு மாதிரிக் கும்பிடுதான். எதிரில் சாமி மட்டும் இல்லை.

ஒருநாள் இவர் கடையிலிருந்து சாப்பிட வந்தவர் வாசலிலேயே கத்தினார்.

"காஸ்! காஸ் மணக்குது! உமக்குத் தெரியேல்லையே?"

அடுப்பு அணைந்து, காஸ் திறந்தபடி கிடந்திருக்கிறது. நான் அதற்குப் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் யன்னல்களைத் திறந்துவிட்டு என்னைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்குப் பயம் வரவில்லை. மணமில்லாத ஒரு சாவு எவ்வளவு சுலபமாக வந்து பக்கத்தில் நின்றிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்ததுதான் பிறகு என்னைப் பயப்படுத்தியது.

மச்சாள் ஆறுதல் சொல்லப் போன் எடுத்தார். "நல்லதுதானே. கடவுள் ஒரு வழி காட்டியிருக்கிறார். இனியாவது உந்த வேலையை விட்டிட்டு வீட்டைப் பாரும்."

போனை வைத்தேன். எங்கள் ஆட்களில் பலர் மனதில் நினைத்ததைத்தான் அவர் சொன்னார். கண் போயிருந்தால் அழுதிருப்பார்கள். காது போயிருந்தால் வந்து பார்த்திருப்பார்கள். என்னுடைய இழப்பு அவர்களுக்கு கோயிலில் வைத்த நேர்த்தி நிறைவேறியது மாதிரி இருந்தது.

மேலாளரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் என்னைவிட வயதில் இளைய ஆங்கிலேயப் பெண், நல்லவர். பொறுத்துப் பார்ப்போம் என்றார். வசந்தகாலம் வந்தது. அவுஸ்திரேலியத் தோட்டக்காரர்கள் லண்டனுக்கு வந்து உணவகக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் தங்கள் வைனைச் சுவைக்கக் கொடுக்கிற நாள் நெருங்கியது.

"மார்கரெட் ரிவர் மேசையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்," என்றார் மேலாளர். "அந்த வைன்கள் உங்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு போத்தலையும் வேறு ஒருவர் முகர்ந்து சரிபார்த்துத் தருவார். நீங்கள் பேசினால் போதும்."

ஓம் என்றேன். இதையும் விட்டால் என்னிடம் ஒன்றும் மிஞ்சாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தேம்ஸ் நதிக்கரையில் ஒரு பெரிய மண்டபம். ஒரு சக ஊழியர் போத்தல்களை முகர்ந்து தலையாட்ட, நான் ஊற்றிப் பேசினேன். இந்த ஷார்டனேயில் முலாம்பழமும் வறுத்த கச்சான் கடலையும், அந்தக் காபர்னேயில் கறுத்த பழமும் இலையும் என்று ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொன்னேன். ஆட்கள் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, ஆமாம் என்று தலையசைத்தார்கள். பிள்ளையின் படத்தைக் காட்டி அந்நியரிடம் பெருமை பேசுகிற தாய் மாதிரி இருந்தேன். பிள்ளை எங்கே என்று எனக்குத் தெரியாது.

அங்கே எல்லாமே திருகுமூடிப் போத்தல்கள். ஒரேயொரு பழைய காபர்னேக்கு மட்டும் தக்கை மூடி. தக்கையில் பூஞ்சை பிடித்தால் வைன் கெட்டுவிடும். குடித்தால் ஆபத்தில்லை, ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி மணக்கும். தொழிலில் முதல் மாதம் படிக்கிற பாடம் அது. அந்தக் காபர்னேயின் முதல் போத்தல் முடிந்தபோது சக ஊழியர் பக்கத்து மேசைக்கு உதவிக்குப் போயிருந்தார். நாலைந்து பேர் கிளாஸை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் இரண்டாவது போத்தலைத் திறந்தேன். பழக்கத்தில் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனேன். ஒரு மிடறு வாயில் வைத்தேன். புளிப்பு சரி, துவர்ப்பு சரி. ஊற்றிவிட்டேன்.

"இதில் கறுத்த பழம் கொஞ்சம் பின்வாங்கி, கடல்காற்றும் இலையும் முன்னுக்கு வந்திருக்கின்றன," என்று தொடங்கினேன்.

உணவகத்துக்கு வைன் வாங்குகிற ஒரு பெண் தன் கிளாஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சத்தமில்லாமல் கிளாஸை மேசையில் வைத்தார். இன்னொருவர் துப்புகிற வாளியைத் தேடினார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அந்த வைனைச் செய்தவர், தலை நரைத்த மனிதர், பின்னால் நின்றவர் வந்து ஒரு கிளாஸை எடுத்து முகர்ந்தார். அவருடைய முகம் சுருங்கியது.

"இது தக்கை கெட்ட போத்தல்," என்று மெதுவாகச் சொன்னார். "வேறு திறப்போம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு மணம் தெரியாது," என்றேன். நினைத்ததைவிடப் பலமாகச் சொல்லிவிட்டேன். பகிடி என்று நினைத்து யாரோ சிரித்தார். வேறொருவரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்தினார். நரைத்த மனிதர் என் தோளைத் தொட்டார். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே வந்து நதிக்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவருக்குப் போன் எடுத்தேன்.

"என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

"என்னப்பா நடந்தது?"

"தனிய வர ஏலாது. வாங்கோ."

பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். திரும்பக் காரணம் கேட்கவில்லை. ரயிலில் என் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

என்னை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கப்பல், சுங்கம் சம்பந்தமான வேலைக்கு மாற்றினார்கள். பெயர்களையும் பெட்டிகளையும் கணினியில் பார்த்துக்கொண்டிருப்பது, கடைக்கு வெளியே நின்று கண்ணாடியூடாக உள்ளே பார்ப்பது மாதிரி இருந்தது. சில மாதங்களில் நானே விலகினேன். திரும்பவும் எங்கள் கடையின் கல்லாவுக்குப் பின்னால் வந்து இருந்தேன்.

பிறகுதான் மணம் திரும்பியது. வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று மூக்கில் ஏதோ ஏறியது. ஒரு கணம் சந்தோஷம். அடுத்த கணம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். எரிந்த ரப்பரும் அழுகிய இறைச்சியும் கலந்த ஒரு நாற்றம். கோப்பி, உள்ளி, பற்பசை எல்லாவற்றிலும் அதே நாற்றம். நரம்புகள் மாறிப் பொருத்திக்கொண்டு வளருகின்றன, நல்ல அறிகுறி என்றார் நிபுணர். நல்ல அறிகுறியோடு நான் வெறும் சோறும் தயிரும் தின்று மெலிந்தேன். காபர்னேயையும் திறந்து பார்த்தேன். அதே ரப்பர். போத்தலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டு அது முழுக்க ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் கடையில் ஆட்கள் இல்லாத நேரம் இவர் அவுஸ்திரேலியத் தட்டிலிருந்து ஒரு மார்கரெட் ரிவரைத் தானே எடுத்துத் திறந்தார். வாழ்நாளில் மது தொடாத மனிதர். தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றி, நான் செய்கிற மாதிரிச் சுழற்றி, மேசையெல்லாம் சிந்தி, முகர்ந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"நான் மணந்து சொல்லுறன். நீர் நினைச்சுப் பாரும். அந்த டொக்டரும் நினைக்கச் சொன்னவர்தானே."

"சொல்லுங்கோ."

"மை மாதிரிக் கிடக்கு. பள்ளிக்கூடத்து மை. பிறகு... இருமல் மருந்து. நாவற்பழம் எண்டும் சொல்லலாம். ஒரு இலையும் கிடக்கு, என்ன இலையெண்டு தெரியேல்லை."

அவர் சரியாகத்தான் சொன்னார். எனக்குள் நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். "உங்களுக்கு ஏன் அந்த மூக்கு?" என்று கத்தினேன். "என்னத்துக்கு அது உங்களுக்கு? இவ்வளவு வருசம் அதை வைச்சு என்னத்தைச் செய்தனீங்கள்?"

அவர் கோப்பையை வைத்தார். "கழட்டித் தர ஏலுமெண்டால் அண்டைக்கே தந்திருப்பன்," என்றார். சிந்தியதைத் துணியால் துடைத்தார். நான் குந்தியிருந்து அழுதேன். பாண் வாங்க வந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. இடைக்கிடை ஒன்றைத் திறப்பார், மணப்பார், சொல்வார். நான் நாக்கில் வைத்துக்கொண்டு கேட்பேன். நாக்குக்குப் புளிப்பும் துவர்ப்பும் கனமும் தெரியும். அந்த எலும்புக்கூட்டின் மேல் அவர் சொல்கிறவற்றைப் போர்த்திப் பார்ப்பேன். சில நாட்களில் கொஞ்சம் பொருந்தும். பல நாட்களில் பொருந்தாது. மகள் பல்கலைக்கழகத்திலிருந்து போன் எடுத்து, "அம்மா, இஸ் இட் பேக்?" என்று கேட்பாள். தெரியேல்லை என்பேன். உண்மையும் அதுதான்.

இப்போது எலுமிச்சை வந்துவிட்டது. வெங்காயத்தைச் சகிக்க முடிகிறது. காபர்னேயில் பழம் இல்லை. சில வேளை அந்தப் பச்சை இலை வரும், அதைப் பிடிப்பதற்குள் ரப்பர் வந்து மூடிவிடும். போன மாதம் நிபுணர் கடைசி முறையாகக் கூப்பிட்டார். இவ்வளவு காலத்துக்குப் பிறகு பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று, கணினியைப் பார்த்துக்கொண்டு, மரியாதையாகச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை. இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

"என்னவாம்?" என்று கேட்டார் இவர்.

"இவ்வளவுதானாம்."

நான் கோட்டைக் கழற்றிவிட்டுக் கல்லாவில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓர் இளைஞர் வந்து, அம்மாவின் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு ஒரு நல்ல சிவப்பு வைன் வேண்டும் என்றார். மார்கரெட் ரிவர் காபர்னே ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இது நாக்கை இதமாக இறுக்கும், ஆட்டிறைச்சியோடு நன்றாக இருக்கும் என்றேன்.

"எப்படி மணக்கும்?" என்று கேட்டார்.

பழைய சொற்கள் எல்லாம் வாய்க்கு வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. "திறந்து பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்," என்றேன்.

சிரித்துக்கொண்டே சரி என்றார். இன்னும் வரவில்லை.