எனக்காக ஒரு மொட்டை

தொண்ணூறுகளின் கடைசியில், தான்சானியாவில் மிஷன் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து அப்படிப் போகும் முதல் பெண் நான்தான் என்று பூசையில் அறிவித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டவரே என்னைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரமே அழைத்தவரைக் காணவில்லை. பள்ளி ஒரு மேட்டில் தனியாக நின்றது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் வகுப்பு முடிந்தால் என்னோடு பேச ஆள் கிடையாது. உடனிருந்த சிஸ்டர்கள் இத்தாலிக்காரர்கள். சாப்பாட்டு மேசையில் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்துவைப்பேன். துணி துவைக்கும்போது எனக்கு நானே தமிழில் பேசிக்கொள்வேன். ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது.

என்னைத் தாங்கியவை என் தோழியின் கடிதங்கள். ஊரில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் டீச்சர்கள். அவள் சின்னாளபட்டியில் தறி நெய்கிறவர்கள் வீட்டுப் பெண், முருகன் என்றால் உயிர். மதியம் இரண்டு பேர் டிபன் பாக்ஸையும் கலந்துதான் சாப்பிடுவோம். மாதம் இரண்டு கடிதம் தவறாமல் எழுதினாள். பஸ்ஸில் நடந்த சண்டை, தலைமையாசிரியையின் புதுக் கண்ணாடி, தனக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று எல்லாம் அதில் இருக்கும்.

முதல் வருடக் கடைசியில் எனக்கு மலேரியா வந்தது. வீட்டில் பயந்துவிடுவார்கள் என்று அவளுக்கு மட்டும் நாலு வரி எழுதிப் போட்டேன். நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு பதில் வந்தது. நான் பிழைத்தால் பழனியில் தான் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம்.

இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. என்னைக் குணமாக்கியது என் ஆண்டவர், என் பெயரைச் சொல்லி இன்னொரு சந்நிதியில் வேண்டுதல் வைக்காதே என்று மூன்று பக்கம் எழுதினேன். விசுவாசம் ஆட்டம் கண்டிருந்த நேரம். அதைக் கெட்டியாகக் காட்டிக்கொள்ள யாராவது அகப்பட வேண்டியிருந்தது. அகப்பட்டவள் அவள்.

அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. பதினொரு மாதம். தபால் வண்டிச் சத்தம் கேட்டால் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். மன்னித்துக்கொள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். வீம்பு விடவில்லை. அந்தத் தனிமை யாருக்கும் வரக் கூடாது.

ஊர் திரும்பிய மறுநாளே சின்னாளபட்டிக்குப் போனேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். அவள் அம்மா காபி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. பெண்பிள்ளைக்குப் பூமுடி போதும், நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று எல்லோரும் சொன்னார்களாம். வேண்டிக்கொண்டது மொட்டை, பூமுடி இல்லை என்று சொல்லி அவள் கேட்க மறுத்துவிட்டாளாம். நிச்சயம் செய்ய நாள் குறித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், மொட்டைத் தலையோடு பெண் எப்படி மணவறையில் உட்காரும் என்று வேறு இடம் பார்த்துக்கொண்டார்களாம்.

"ஓங் கடுதாசி வந்து ஒரு வாரம் அழுதா. பெறகு எந்திரிச்சுப் பழனிக்குப் பஸ் ஏறிட்டா," என்றார்.

அவள் வந்தாள். முடி காதை மூடும் அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. அதிலும் ஒரு துண்டுப் பூவை ஹேர்பின்னால் குத்தியிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாம் என்று எழுதினேனே, பிறகு ஏன் போனாய் என்று கேட்டேன். அப்போதும் அவளைக் குற்றம் சொல்வதுபோலத்தான் கேட்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் ஒங்கிட்டயாடி வேண்டிக்கிட்டேன், நீ வேணாம்னு சொல்ல?"

பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள். தட்டு வைத்துப் பரிமாறினாள். தான்சானியாவில் என்ன சாப்பாடு என்று விசாரித்தாள். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். கடல் தாண்டிப் போய்த் தொண்டு செய்துவிட்டு வந்தவள் நான். யாருக்காகவும் எதையும் நான் விட்டுக்கொடுத்ததில்லை என்பது அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்து நின்றாள். முன்பெல்லாம் பஸ் ஏற்றிவிடாமல் திரும்ப மாட்டாள். அன்று நான் தனியாகத்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.