மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்ன வருத்தம்

போன ஞாயிறு என் தங்கச்சியைப் பெண் பார்க்க மூதூரிலிருந்து லாஞ்சிப் படகில் வந்தார்கள். சாதகம் ஏற்கெனவே பொருந்திவிட்டது. வடையும் பிடித்துவிட்டது. அப்போது மாப்பிள்ளையின் தகப்பன் என்னைக் கேட்டார்:

“தம்பி, அப்பா என்ன வருத்தத்தில செத்தவர்?”

“ஹாட் அற்றாக்” என்றார் அம்மா, எனக்கு முந்திக்கொண்டு.

பொய். அப்பாவின் இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள், திராட்சைக் குலை மாதிரி. எனக்கும் அதேதான் என்று போன மாதம் டொக்டர் சொன்னார். ஜீனில் ஒரு பிழையாம். தகப்பனுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கச்சிக்கு இன்னும் சோதிக்கவில்லை. கல்யாணம் முடியட்டும் என்கிறார் அம்மா.

இது என்ன நியாயம்? செவ்வாய் எங்கே இருக்கிறது என்று சொல்லலாம்... சிறுநீரகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடாதா?

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். பக்கத்தில் இருந்த மாமி, அப்பாவின் அக்கா, என் காலை மிதித்தார். மிதிக்க மிதிக்கச் சொன்னேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் மெல்லக் குனிந்து தன் காலுறையை உருவினார். இரண்டு விரல் இல்லை.

“சீனி வருத்தம். என்ர அப்பருக்கும் இதுதான். தரகரிட்ட, மாட்டு வண்டில் காலில ஏறினது எண்டு சொன்னனாங்கள்.”

“என்ர பக்கம் மூச்சு இழுப்பு” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

எங்கள் பக்கம் தோற்பதா? மாமிக்குப் பொறுக்கவில்லை. “எங்கட பெரியப்பாவுக்கு விசர்” என்றார். பிறகு யாராலும் நிறுத்த ஏலவில்லை. மூலம், வாதம், மாலைக்கண் — சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணீர் புரைக்கேறியது.

குசினி வாசலில் நின்ற தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து நேராகக் கேட்டாள்: “எனக்கும் இருந்தா?”

“இருந்தா பிரஷரைப் பாப்பம், மருந்து எடுப்பம்” என்றான் அவன். “ஸ்கானுக்குப் போகேக்க சொல்லுங்கோ. லீவு போட்டிட்டு வாறன்.”

“பாத்தாப் பிறகு உங்களுக்கு மனம் மாறினா?”

“உங்களுக்கு மாறினாத்தான் உண்டு.”

“அப்ப எனக்கு ஓம்” என்றாள்.

ஸ்கான் அடுத்த கிழமை. அம்மா இன்னும் என்னோடு கதைப்பதில்லை... ஆனால் சம்பந்தியின் இழுப்புக்கு எந்த எண்ணெய் நல்லது என்று ஊரெல்லாம் விசாரிக்கிறார்.