கோல் கம்பத்துக்குப் பின்னால் மல்லாட்டைக் கொல்லை

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கால்பந்து கிளப்பின் மைதானத்தில் கேலரியும் சுற்றுச்சுவரும் கட்டும் பொறியாளராகப் போயிருந்தபோது அந்த அம்மாவைச் சந்தித்தேன். தலையில் துண்டு, வெற்றிலைச் சிவப்பேறிய வாய். கோல் கம்பத்துக்குப் பின்னால் அவருடைய மல்லாட்டைக் கொல்லை; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. பந்து அதில் விழுந்தால் ஆட்டக்காரர்கள் வரப்பிலேயே நின்று அவரைக் கூப்பிடுவார்கள். செடி மிதிபடாமல் அவர்தான் போய் எடுத்து வருவார். முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் எறிவார்.

மைதானம் வளர்ந்த கதையை அவரிடம் கேட்டேன்.

"சவுக்குக் கம்பு நட்டு ஆடிக்கினு இருந்தப்ப நான் கேப்பை போட்டிருந்தேன். இரும்புக் கம்பம் வந்தப்ப மல்லாட்டை. லைட்டு போட்டப்பவும் மல்லாட்டைதான்" என்றவர், "செவுரு வந்தா பந்து இந்தப் பக்கம் வராதா பாப்பா?" என்றார்.

"வராதும்மா. மேல வலையும் கட்டறோம். உங்க செடி தப்பிச்சுது."

"செடி கெடக்குது. பசங்க என்னைக் கூப்பிட மாட்டானுங்களே."

கிளப்பில் பேசி, கொல்லைப் பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்தேன்.

வேலை முடிந்து நடந்த முதல் ஆட்டத்தில் அவர் அந்தக் கதவில் நின்றிருந்தார். கடைசி நிமிடம் வரை ஒரு பந்துகூட வெளியே போகவில்லை. ஆட்டம் ஏறக்குறைய எங்கள் கைக்கு வந்துவிட்ட நேரத்தில் பெனால்டி கிடைத்தது. கேப்டன் அடித்த பந்து சுவருக்கு மேல் கட்டிய வலையையும் தாண்டிக் கொல்லையில் விழுந்தது.

"யம்மோவ், பந்து" என்றான்.

எடுத்து வந்தவர், அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். அந்தக் கேப்டன் பெனால்டியைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. அன்று உண்மையில் தவறவிட்டானா என்று இன்றுவரை கேட்கவும் இல்லை.