வால் பக்கத்து வேலை

எங்கள் அத்தையின் கல்யாணத்தை நான்தான் கெடுத்தேன் என்று ஒரு மத்தியானம் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். ஏரோப்ளேனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. சாணார்பட்டிப் பக்கம் செவ்வந்தியும் கத்தரியும் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அத்தை அப்பாவுக்குத் தங்கை. தாத்தா காலமாகிவிட்டதால் அவளுக்கு மாப்பிள்ளை தேடும் பொறுப்பு பெரியப்பாவிடமும் அப்பாவிடமும் இருந்தது. ஏற்கெனவே ஓர் இடம் நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. அந்த மாப்பிள்ளை ரைஸ்மில் வைத்திருந்தார். கண்டியில் அவருக்கு ஒரு மனைவியும் கைக்குழந்தையும் இருப்பது தாம்பூலம் மாற்றிய பிறகுதான் தெரியவந்தது. கண்டியில் இத்தனை வருஷம் பையன் என்ன செய்தார் என்று அப்பா முதலிலேயே நேராகக் கேட்டிருக்கிறார். அவர்கள் சிரித்துக்கொண்டே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். தப்பு அவர்களுடையது, ஊர் வாயில் விழுந்தது அத்தை. அதன் பிறகு யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

ஆகவே பாலசமுத்திரத்திலிருந்து ஒருவர் பெண் பார்க்க வருகிறார், அவர் வடக்கே ஏரோப்ளேன் ஓட்டுகிறவர் என்று தரகர் சொன்னபோது பெரியப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார். அம்மா என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கு வாயைத் திறந்தால் சூடு போடுவேன் என்று மட்டும் சொன்னாள். எனக்கு அப்போது எட்டு வயது. ஏரோப்ளேன் காக்கையைப் போல இறக்கையை அடித்துத்தான் பறக்கிறது, வேகமாக அடிப்பதால் நமக்குத் தெரிவதில்லை என்பது என் முடிவு. அதைச் சரிபார்க்க ஓர் ஆள் வீட்டுக்கே வரும்போது வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி?

வந்தவர் ஒல்லியாக, நல்ல கறுப்பாக இருந்தார். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கேசரியை ஒரு வாய் வைத்ததுமே பெரியப்பா ஆரம்பித்தார், மேலேயிருந்து பார்த்தால் நம்ம சிறுமலை எப்படித் தெரியும் என்று. அவர் தட்டைக் கீழே வைத்தார்.

“நான் ஓட்டறதில்லீங்க. ப்ளேன் ஓட்டப் பழக்கற எடத்துல ரிப்பேர் வேலைங்க. வால் பக்கம் என்னோட பொறுப்புங்க.”

தரகர் கூரையைப் பார்த்தார். பெரியப்பாவின் முகம் சுருங்கிப்போனது. “வாலு மட்டுந்தேனா?” என்றார். அப்போதுதான் நான் நுழைந்தேன். ஏரோப்ளேனுக்கு வால் எதற்கு?

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தது எனக்குத் தெரியும். ஆனால் வந்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கெட்டியான அட்டை இருக்கிறதா என்று கேட்டார். என் கணக்கு நோட்டின் அட்டையைத் துளி வருத்தமில்லாமல் கிழித்துக் கொடுத்தேன். அதை மடித்து ஓர் ஏரோப்ளேன் செய்தார். பெரியப்பாவின் வெற்றிலைத் தட்டிலிருந்த பாக்குவெட்டியை எடுத்து வால் ஓரத்தில் இரண்டு இடத்தில் நறுக்கி, ஒரு சிறு மடலை மேல்பக்கமாக மடக்கினார். வீசினார். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு உத்தரம் வரை போனது. அடுத்து மடலைக் கீழ்ப்பக்கமாக மடக்கி வீசினார். அது தலைகுப்புற பஜ்ஜித் தட்டில் விழுந்தது.

எனக்கு அது தலைகீழாகப் பட்டது. மேலே போக வேண்டுமென்றால் மடல் கீழே பார்த்து உந்த வேண்டாமா என்று சண்டைக்குப் போனேன்.

“வண்டியில பின்பாரம் ஏறுனா நொகத்தடி என்ன ஆகுங் கண்ணு?” என்று கேட்டார்.

மேலே தூக்கும் என்றேன்.

“அவ்வளவுதான். மடல் மேல நின்னா காத்து அது மேல ஏறி உக்காருது. வால் எறங்குது, தலை தூக்குது.”

இறக்கை அசையவே அசையாது என்றும், அதன் ஓரத்தில் மட்டும் இரண்டு மடல்கள் உண்டு என்றும் சொன்னார். ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும், ப்ளேன் ஒருபக்கமாகச் சாயும், சைக்கிள்காரன் வளைவில் சாய்கிற மாதிரி சாய்ந்துதான் ப்ளேனும் திரும்பும். என் காக்கை அத்தோடு செத்தது. ஓட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு பின்னால் இருக்கும் வாலை எப்படி மடக்குவார் என்று அடுத்ததாகக் கேட்டேன். ஓட்டுகிறவர் கையில் ஒரு கம்பு இருக்கும், அதிலிருந்து இரண்டு கம்பிவடம் ப்ளேனின் வயிற்றுக்குள்ளே வால் வரை ஓடும், கிணற்று உருளையில் கயிறு ஓடுகிற மாதிரி. கம்பைத் தன் பக்கம் இழுத்தால் ஒரு வடம் மடலை மேலே தூக்கும், முன்னால் தள்ளினால் மற்றது கீழே இறக்கும். அந்த வடங்களைக் கட்டுவதுதான் தன் வேலை என்றார்.

“ரெண்டையும் மாத்திக் கட்டிட்டா?” என்றேன்.

பெரியப்பா சிரித்து, “அதெல்லாம் மாப்ள கட்டுவாரா?” என்று பேச்சை முடிக்கப் பார்த்தார். தரகரும் கூடவே சிரித்தார். வந்தவரும் சிரித்திருந்தால் போதும், காப்பி வந்திருக்கும், காரியம் முடிந்திருக்கும்.

“ஒருக்கா கட்டியிருக்கறனுங்க” என்றார் அவர்.

அவர் என்னைப் பார்த்தே சொன்னார். புது வடம் கட்டியதும் ஒருவர் உள்ளே உட்கார்ந்து கம்பை அசைக்க வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று மடல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவருக்கு வால் தெரியாது. அன்றைக்குச் சாப்பாட்டு நேரம், கூட ஆள் இல்லை. கம்பு லேசாக அசைகிறதே என்று தனியாகவே பார்த்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பாதிச் சோற்றில் ஒன்று உறைத்தது. லேசாக அசைந்தது சரி, எந்தப் பக்கம் அசைந்தது? எச்சில் கையோடு ஓடியிருக்கிறார். பறக்கப் பழகுகிற பையன் ஒருவன் ஏறி உட்கார்ந்துவிட்டான். இவர் ப்ளேனுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தினார். பார்த்தால் மாற்றித்தான் கட்டியிருந்தது. மேலே போக இழுத்திருந்தால் தரையில் குத்தியிருக்கும்.

“மேலதிகாரிகிட்ட நானே போய்ச் சொன்னனுங்க. உத்தியோக உயர்வை நிறுத்தி வெச்சிட்டாங்க. இன்னும் வரலீங்க.”

கடைசி வாக்கியம் பெரியப்பாவுக்கு. காப்பித் தட்டோடு அடுக்களை வாசற்படியில் நின்ற அத்தை, பெண் பார்க்கிற நேரத்தில் தரையைப் பார்க்க வேண்டும் என்பதையே மறந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் தரகரும் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனதும் வீடு இரண்டுபட்டது. அம்மா என் காதைத் திருகினாள். “சபையில உக்காந்து தன் குத்தத்தைத் தானே சொல்றவன் வெவரங்கெட்டவன். நாளைக்கி வேலை போச்சுன்னும் இதே மாதிரி வந்து நிப்பான்” என்றார் பெரியப்பா. அத்தைக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள், அது என்னால்தான் என்று எனக்கு விக்கி விக்கி அழுகை வந்தது. அத்தை என்றால் எனக்கு அவ்வளவு பிரியம்.

அப்போது அத்தை கூடத்துக்கு வந்தாள். பெரியப்பா முன்னால் அவள் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை.

“அண்ணே, எனக்கு இந்த எடம் பிடிச்சிருக்கு. முடிச்சிருங்க.”

“தப்பா வேலை பாத்தேன்னு அவன் வாயாலேயே சொல்றான், புள்ள!”

“ஆமாண்ணே. அதுக்குத்தேன் கேக்குறேன்.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் வருவதற்குள் அவர்களைப் பிடிக்க சைக்கிளை எடுத்துக்கொண்டு விரைந்தார்.

அத்தை என்னை இழுத்துவைத்து முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டாள். எனக்கு அழுகை போய் ஆவல் வந்துவிட்டது. “ப்ளேன்ல ஏத்திட்டுப் போவாருன்னா அவரைக் கட்டிக்கிறே?” என்று கேட்டேன்.

“இல்லடி. நீ கேட்டதுக்குப் பதில் சொன்னாருல்ல, அதுக்கு” என்றாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால் நாங்கள் எல்லோரும்தான் தினமும் எழுந்து நின்று பதில் சொல்கிறோம். இதற்காகவா ஒருத்தரைக் கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.